மெட்டாமெட்டீரியலுக்குத் தமிழில் என்ன? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

சித்தூர் ஆசிரியை, பாலக்காடு:
ஐயா அனைவருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை எங்கள் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. தமிழ்வழிப் பிள்ளைகள் நுண்ணலையை (மைக்ரோவேவ்) விழுங்கும் மெட்டாமெட்டீரியல், அதாவது உள்ளே அமைத்த நுண்வடிவத்தால் புதுக் குணம் பெறும் செயற்கைப் பொருள், பற்றிப் பதாகை வைக்கிறார்கள். அந்துப்பூச்சியின் கண்ணில் நெருங்கி நிற்கும் நுண்மேடுகளால் ஒளி திரும்பாமல் உள்ளே போகிறது. அதே வடிவைப் பெரிதாக்கித் தகுந்த பொருளில் செய்தால் நுண்ணலையும் உள்ளே போய் வெப்பமாகிவிடும். இப்படி உறிஞ்சுவதை 'உட்கவர்' என்றால் பிள்ளைகள் விழிக்கிறார்கள். பக்கத்து மலையாளவழி வகுப்பின் 'ஆகிரணம்' உடனே புரிகிறது. நாளை மாலை அச்சுக்குப் போகவேண்டும்.

கொழிஞ்சாம்பாறை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
மீப்பொருள். மீ என்றால் மேல். மலையாளத்தார் 'மீதே' என்கிறார்களே, அதே மீ. கப்பலோட்டும் மீகாமனிலும் இந்த மீதான் இருக்கிறது என்பது என் கட்சி. அதைத் தனி மடலில் விரிக்கிறேன்.

செங்கோட்டை, பொறியாளர்:
விரிக்க வேண்டாம் ஐயா! மீக்கடத்தி (superconductor), மீயொலி (ultrasound) எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. இன்னும் எத்தனை மூட்டையைத்தான் மீ சுமக்கும்? கிரேக்க மெட்டா 'அப்பால்', 'மேல்' அல்ல. 'பொருள்' என்றால் பாதிப் பேர் அர்த்தம் என்று படிப்பார்கள். இங்கே வேலை செய்வது வடிவம். உங்கள் பாலக்காட்டுச் சூலனூர் மயில் சரணாலயத்து மயிலின் பீலியை எடுத்துக்கொள்ளுங்கள்: அந்த நீலம் சாயமல்ல, இழைக்குள் இருக்கும் நுண்ணடுக்கு. எனவே 'வடிவப்பொருள்'. நுண்ணலை என்ற சொல்லே எனக்கு உறுத்தல்தான். அடுப்பில் வைக்கும் 2.45 கிகாஹெர்ட்ஸ் அலை ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் நீளம். அரைச் சாண் அலையில் என்ன நுண்மை?

கொழிஞ்சாம்பாறை:
'பொருள்' என்ற சொல்லைத் தள்ளிவிட்டு அதையே வாலில் ஒட்டியிருக்கிறீர்கள், தம்பி. இரவு நன்னூலைப் புரட்டினேன். மீ முன் வல்லினம் இயல்பாகவும் வரும், இடையில் வல்லொற்றோ மெல்லொற்றோ மிகுதலும் உண்டு: மீகண், மீக்கோள், மீந்தோல். இந்த மீந்தோலில் கண் நின்றுவிட்டது. மேல்தோல் என்று பொருள். 2008இல் செய்து காட்டிய, நுண்ணலையை விழுங்கும் மெட்டாமெட்டீரியல் தகடு அலைநீளத்தைவிடப் பலமடங்கு மெல்லியது என்கிறார்கள். தோல்தானே அது? மீப்பொருளை நானே கைவிடுகிறேன்.

நாகர்கோவில், மொழிபெயர்ப்பாளர்:
மீந்தோல் அழகுதான். ஆனால் கண்காட்சிக்கு வரும் பெற்றோர் 'மீந்த தோல்' என்று படித்துத் தோல் பதனிடும் கடையோ என்று கேட்பார்கள். மீப்பொருள் போதும், உறிஞ்சிக்கு 'அலைவிழுங்கி'. நான் மீப்பொருளுக்குக் கைதூக்கிவிட்டேன், தூக்கம் வருகிறது.

சித்தூர் ஆசிரியை:
நாகர்கோவிலார் சொன்னபடி மீப்பொருள் என்றே அனுப்பிவிட்டேன். அச்சாகி வந்ததில் 'ப்' ஒற்று விடுபட்டு 'மீபொருள்' என்றிருக்கிறது. திருத்த நேரமில்லை.

கொழிஞ்சாம்பாறை:
திருத்தவே வேண்டாம் அம்மா, மீகண் போல இயல்பு. ஆனாலும் மீந்தோல்.

செங்கோட்டை:
வடிவப்பொருள்.