கணினி உயிரியலில் முனைவர் பட்டம்: இன்னும் மனத்தை விடாத ஒரு நாள்

மணிமுத்தாறு:
நேர்காணல் அறை எப்படி இருக்கும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். எம்.எஸ்சி. ஆய்வேட்டுக்காக, எந்த மரபணு எவ்வளவு இயங்குகிறது என்று புற்றுநோய்த் திசுவையும் இயல்பான திசுவையும் ஒப்பிட்டிருந்தேன். ஓரத்தில் அமர்ந்திருந்த பேராசிரியை கேட்டார்: "20,000 மரபணுக்கள். எதிலும் உண்மையான வேறுபாடு இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பி மதிப்பு 0.05-க்குக் கீழே எத்தனை வரும்?" பி மதிப்பு என்பது, உண்மையில் வேறுபாடே இல்லாதபோதும் தற்செயலாக இவ்வளவோ இதைவிடப் பெரிதோ ஒரு வேறுபாடு தெரியும் வாய்ப்பு. அதனால் நூற்றுக்கு ஐந்து, அதாவது 1,000 என்றேன். "மரபணுக்கள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமலா இயங்குகின்றன?" இல்லை, பல சேர்ந்தே ஏறி இறங்கும் என்றேன். "அப்படியானால் அந்த 1,000 மாறுமா?" மாறாது என்றேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தலையசைக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. பக்கத்திலிருந்தவர் பைத்தான் பற்றிக் கேட்கத் தொடங்கிவிட்டார். காத்திருப்போர் பட்டியலோடு அந்த இடம் போயிற்று. இப்போது வேறோர் ஊரில் சேர்ந்து படிக்கிறேன், குறையொன்றும் இல்லை. ஆனால் அந்த மௌனம் மட்டும் இன்னும் குடைகிறது.

குறிஞ்சி:
நண்பரே, மாறாது என்பதுதான் சரி. மரபணுக்கள் ஒன்றையொன்று சார்ந்திருந்தாலும் எதிர்பார்ப்புச் சராசரி 1,000 தான். மாறுவது சிதறல். சேர்ந்து இயங்கும் கூட்டம் தற்செயலாக ஒரு பக்கம் சாய்ந்தால் ஒரு சோதனையில் பல ஆயிரம் பொய் முடிவுகள் வரும். இன்னொன்றில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே வரும். அந்தச் சிதறலை நீங்கள் சொல்வீர்கள் என்றுதான் அவர் காத்திருந்திருப்பார் என நினைக்கிறேன்.

நான் இயற்பியலிலிருந்து வந்தவன். என்னிடம் கேட்டது: "ஆர்.என்.ஏ.வை அளக்கிறீர்கள், வேலை செய்வது புரதம். பிறகு எதை நம்பி முடிவு சொல்கிறீர்கள்?" அந்தக் கேள்வியால்தான் என் ஆய்வுத் தலைப்பே மாறியது.

விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஒரே தேர்வை நம்பி உட்காராதீர்கள். பொறியியல், அறிவியல் பட்டதாரிகளுக்கான கேட் தேர்வின் மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும். உயிரியல் பட்டதாரிகளுக்கு எக்ஸ்.எல். (உயிர் அறிவியல்), பி.டி. (உயிரித் தொழில்நுட்பம்) தாள்கள், கணினிப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு 2024 முதல் டி.ஏ. (தரவு அறிவியல், செயற்கை நுண்ணறிவு) தாளும் உண்டு. டாடா அடிப்படை ஆய்வு நிறுவனம் உயிரியல் ஆய்வுப் படிப்புகளுக்கு நடத்தும் ஜீபில்ஸ் தேர்வையும் எழுதுங்கள். சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் 2023 ஜனவரி முதலான கணக்கில் மாதம் 37,000 ரூபாய், மூன்றாம் ஆண்டு முதல் 42,000. கையில் சொந்த உதவித்தொகை இருக்கும் மாணவரை வழிகாட்டிகள் தயங்காமல் எடுப்பார்கள். நேர்காணலுக்கு முன் அந்தத் துறையினர் எழுதிய இரண்டு கட்டுரைகளையாவது படங்களோடு படித்துவிடுங்கள். உயிரியல் படித்தவர்கள் நேரியல் இயற்கணிதத்தையும் நிகழ்தகவையும் முடித்துவிட்டு விண்ணப்பிப்பதே நல்லது.

வேம்பு:
கடைசி வரியை நான் ஏற்க மாட்டேன், குறிஞ்சி. கணிதம் முடித்த பிறகுதான் விண்ணப்பம் என்றால் எங்களைப் போன்ற விலங்கியல் பட்டதாரிகளில் பாதிப் பேர் வாசலிலேயே நின்றிருப்போம். பாடநெறி ஆண்டு என்று ஒன்று எதற்காக இருக்கிறது?

என் கதை இரண்டாம் ஆண்டில். வழிகாட்டியின் கூட்டாளி ஆய்வகத்திலிருந்து மரபணுப் பட்டியல் ஒன்று எக்செல் கோப்பாக வந்தது. அதில் "1-மார்ச்" என்று இரண்டு வரிசைகள். மார்ச்1 (MARCH1) என்றொரு மரபணு, மார்க்1 (MARC1) என்று இன்னொன்று. எக்செல் இரண்டையும் தேதியாக்கிவிடும். எந்த வரிசை எதனுடையது என்று அந்தக் கோப்பைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. 2020-இல் மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழுவே இறங்கிவந்து மார்ச்எஃப்1, எம்டார்க்1 என்று மாற்றிவிட்டது. பழைய கோப்புகள் மாறவில்லையே!

மூலத் தரவைக் கேட்டு எழுதினேன், எழுதிக்கொண்டே இருந்தேன். ஆண்டு மதிப்பீட்டுக் கூட்டத்தில் ஒரு பேராசிரியர், "இரண்டு மரபணுவுக்காகவா இவ்வளவு காலம்?" என்றார். பெயர் தெரியாத மரபணுவை வைத்து நோயாளியின் மருந்தைப் பற்றிப் பேச எனக்கு வாய் வராது என்று சொன்னேன். அறை அமைதியாகிவிட்டது. என் வழிகாட்டி, "அவர் சொல்வது சரி" என்ற மூன்றே சொல்லில் முடித்தார். அவர் மட்டும் அன்று பேசாமல் இருந்திருந்தால் நான் விலகியிருப்பேன்.

நெய்தல்:
வேம்பு அக்கா சொல்வதைப் படித்ததும் எழுதத் தோன்றியது. ஈ.கோலை பாக்டீரியாவின் வளர்சிதை வினைகளைக் கணினியில் காட்டும் மாதிரியை வைத்து, எந்த மரபணுவை நீக்கினால் பாக்டீரியா வளராது என்று கணித்துக்கொண்டிருந்தேன். என் பட்டியலில் முதலிடத்தில் இருந்த மரபணுவை ஆய்வகத்துத் தோழி நீக்கிப் பார்த்தாள். காலையில் தட்டை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள்: தட்டு முழுக்கக் காலனிகள், எதுவுமே நடக்காதது போல.

எனக்கு முகம் செத்துவிட்டது. அவளோ, "நல்லது, இப்போதுதான் வேலை இருக்கிறது" என்றாள். அதே வினையைச் செய்யும் இன்னொரு நொதி மாதிரியில் விடுபட்டிருந்தது. ஜப்பானியர்கள் 2006-இல் வெளியிட்ட கெய்யோ தொகுப்பில் ஒவ்வொன்றாக மரபணு நீக்கிய 3,985 ஈ.கோலை வகைகள் இருக்கின்றன. அவற்றோடு என் கணிப்புகளை வரிசையாக ஒப்பிட்டு, எங்கெங்கே பொய்க்கிறது என்பதையே ஓர் அத்தியாயமாக்கினேன்.

மணிமுத்தாறு, நீங்கள் இப்போது செய்வது எந்த வகைத் தரவு? சேர்ந்து இயங்கும் மரபணுக்கள்தான் சிக்கல் என்றால், எடுத்த மாதிரிகளின் குழுப் பெயர்ச்சீட்டுகளை (நோய், இயல்பு) மட்டும் மாற்றி மாற்றிக் கலைத்து ஓட்டிப் பாருங்கள். மரபணுக்களுக்கு இடையிலான உறவு கலையாமல் அப்படியே இருக்கும். குறிஞ்சி சொன்ன சிதறல் உங்கள் தரவிலேயே தெரியும்.