போட்டோ பிரிண்ட் விற்க: 24 இன்ச்சா, 44 இன்ச்சா, இல்ல வெளியில லேப்ல குடுத்துப் போடலாமா?

கிண்டி_லைட்:
கோபுரம், மெரினா, பழைய மெட்ராஸ் கட்டடங்கள்னு பிரிண்ட் போட்டு விக்கப் போறேன். மாசம் 15 போகும்னு கணக்கு, எல்லாமே பெரிய சைஸ், 24×36. ஃபைல் 24 மெகாபிக்சல். ரூம் 10×11 அடி, ஏசி உண்டு. கேனான் ப்ரோ-2100 (24 இன்ச் அகல ரோல் போற பிரிண்டர்) எடுக்கவா, எப்சன் பி9570 (44 இன்ச்) எடுக்கவா?

ரோல்_பேப்பர்:
கேனான், ஹெட்டுக்காகவே (பேப்பர்ல இங்க்கைத் தெளிக்கிற பாகம்). இதுல தெர்மல் ஹெட், இங்க்கைச் சூடாக்கித் தள்ளும். அது தேயுற பொருள்தான், அதை மறைக்கல. ஒரு நாசில் (இங்க் வர்ற நுண்துளை) அடைச்சா வேற நாசில் அந்த வேலையை எடுத்துக்கும், பிரிண்ட்ல கோடு விழாது. மொத்தமா போனா புது ஹெட் வாங்கி நீங்களே மாட்டிக்கலாம். எப்சன்ல பியஸோ ஹெட், மின்சாரத்துல அசையற படிகம் இங்க்கைத் தள்ளும். அதை மாத்தணும்னா டெக்னீஷியன் வந்து கழட்டணும். வாரண்டி முடிஞ்ச அப்புறம் அந்த பில்லைப் பார்த்தா மெஷினையே தூக்கிப் போடலாம்னு தோணும்.

மேட்_பிளாக்:
பாதி உண்மை. பியஸோ ஹெட் இங்க்கை சூடாக்கித் தள்ளறதில்ல, அதனால ஒழுங்கா பாத்துக்கிட்டா தெர்மலைவிட ரொம்ப நாள் உழைக்கும். எப்சன்ல அடைப்பு, அடைப்புனு புலம்பறவங்க முக்காவாசி பேர் கேப்பிங் ஸ்டேஷனை (ஓடாதப்ப ஹெட்டை மூடி வைக்கிற ரப்பர் மூடி) எட்டிக்கூடப் பாத்திருக்க மாட்டாங்க. ரப்பர் விளிம்புல காஞ்ச இங்க்கும் பேப்பர் தூசியும் ஒட்டியிருந்தா மூடி இறுக்கமா உக்காராது. ராத்திரி முழுக்க காத்து புகுந்து ஹெட் காயும். அதுக்கு பத்து தடவை கிளீனிங் போட்டு என்ன பிரயோஜனம்? கேனான் வேற நாசிலைப் போட்டு சமாளிக்கிறது நல்லதுதான், ஆனா அதுவே திரையும் போடுது. ஹெட் பாதி செத்தது தெரியாமலே ஓடி, ஆர்டர் நடுவுல எர்ரர் காட்டி நிக்கும்.

சாயங்கால நீல வானம் நிறைய விக்கறவருக்கு பி9570-ல இருக்கிற வயலட் இங்க் உதவும். பளபள பேப்பருக்கான போட்டோ பிளாக், மேட் பேப்பருக்கான மேட் பிளாக் ரெண்டுக்கும் தனி வழி இருக்கு, பேப்பர் மாத்தும்போது இங்க் வீணாகாது.

ரோல்_பேப்பர்:
தனி வழி கேனான்லயும்தான் இருக்கு. கூடவே குரோமா ஆப்டிமைசர்னு நிறமில்லாத ஒரு பூச்சு. லஸ்டர் (அரைப் பளபளப்பு) பேப்பரைச் சாய்ச்சுப் பார்த்தா கறுப்பு ஒரு பளபளப்பு, வெள்ளை ஒரு பளபளப்புனு தெரியுமே, அதைச் சமமாக்குறது அதுதான்.

சதுர_அடி:
ரெண்டு பேரும் ஹெட்டைப் பிடிச்சுக்கிட்டு தொங்கறீங்க. கேட்டவரோட கணக்கைப் பாருங்க.

முதல்ல சைஸ். 24 இன்ச் ரோல்ல 24×36 படம் போட்டா ஓரத்துல வெள்ளையே இருக்காது. கையெழுத்து எங்க போடுவீங்க? ஃப்ரேம்காரர் மவுன்ட் போர்டை எதுமேல உக்கார வைப்பார்? சுத்தி ஒரு இன்ச் விட்டா படம் 22×33. 24×36 படத்தை ஓரத்தோட விக்கணும்னா 26 இன்ச் பேப்பர் வேணும், அதுக்கு 44 மெஷின்தான்.

ரெண்டாவது இங்க். 22×33 படம் அரை சதுர மீட்டருக்குக் கொஞ்சம் கம்மி, 15 படம் 7 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 12 எம்எல்னு வெச்சா மாசம் 84 எம்எல். அதை 12 டேங்க்குக்குப் பிரிச்சா சராசரியா ஆளுக்கு 7. கேனானோட சின்ன கார்ட்ரிட்ஜே 160 எம்எல், காலியாக ஒன்றரை வருஷத்துக்கு மேல ஆகும். பி9570-ல சின்னதே 350, கேக்கவே வேணாம். மாட்டின கார்ட்ரிட்ஜை ஆறு மாசத்துக்குள்ள முடிக்கச் சொல்றது எப்சனே. முதல் தடவை டியூப் நிரப்ப ஒரு பங்கு, கிளீனிங்குல ஒரு பங்கு மெயின்டனன்ஸ் டேங்க்குக்கு (கழிவு இங்க் சேர்ற டப்பா) போகும். மாசம் 15-க்கு பிரிண்ட்ல போற இங்க்கைவிட அங்க போறது அதிகமாயிடும். வெளியில போடுங்க.

மேட்_பிளாக்:
வெளியிலன்னா எங்க? பாதிக் கடையில ஃப்ளெக்ஸ் பேனர் ஓட்டற எக்கோ-சால்வென்ட் (கரைப்பான் இங்க்) மெஷின்ல போட்டோ பேப்பரை மாட்டி ஆர்ட் பிரிண்ட்னு குடுக்கறாங்க.

சதுர_அடி:
கேட்டுட்டு போடணும். பிக்மென்ட் இங்க்கா (சீக்கிரம் மங்காத நிறத்துகள் இங்க்), பேப்பர் பேர் என்ன, ஐசிசி புரொஃபைல் (அந்த மெஷினும் பேப்பரும் நிறத்தை எப்படிக் காட்டும்னு சொல்ற ஃபைல்) அனுப்புவீங்களானு மூணு கேள்வி. புரொஃபைல்னா என்னனு திருப்பிக் கேட்டா அடுத்த கடை.

பாரிஸ்_ஃப்ரேம்:
தேவராஜ முதலி தெருவுக்கு வர்ற பிரிண்ட்ல பாதி சிக்கல் மெஷினால இல்ல, அவசரத்தால. இன்னிக்குப் போட்டு நாளைக்கே கண்ணாடி போடச் சொல்றாங்க. இங்க்ல இருக்கிற கிளைக்கால்ங்கிற திரவம் மெல்லத்தான் ஆவியாகி வெளிய வரும். மூடிட்டா கண்ணாடியோட உள்பக்கம் எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி மங்கல் படியும், அதுவும் கறுப்புப் பகுதிக்கு நேரா. ஆர்சி (பிளாஸ்டிக் பூச்சு) பேப்பர்ல இது ஜாஸ்தி. மேல சாதா வெள்ளைத்தாள் விரிச்சு ஒரு நாள் வைங்க, தாள் நெளிஞ்சா புதுசு மாத்துங்க. ஐப்பசி, கார்த்திகையில ரெண்டு நாள். கண்ணாடி பிரிண்டைத் தொடவே கூடாது, தொட்டா நம்ம ஊர் ஈரத்துக்கு ஒட்டிக்கும், பூஞ்சையும் வரும்.

ரோல்_பேப்பர்:
ஈரம்னு வந்ததால சொல்றேன், 308 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 308 கிராம்) காட்டன் பேப்பரை மழைக்காலத்துல மெஷின்லயே விட்டுட்டுப் போகாதீங்க. ஓரம் அலையா எழும்பி ஹெட்ல உரசும், கறுப்புக் கீறல் விழும். கழட்டி சிலிக்கா ஜெல்லோட பையில போடுங்க. ரோல் முடியற கடைசி ரெண்டு மீட்டர் சுருள் ஜாஸ்தி, அங்க பிளாட்டன் கேப்பை (ஹெட்டுக்கும் பேப்பர் ஓடற தட்டுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி) ஒரு படி ஏத்துங்க. ஏசி போட்டு ரூமை ஓவரா காய விட்டாலும் நாசில் அடைக்கும், 45-லிருந்து 60 சதவீதம் ஈரப்பதம் சரி. ஈரப்பதம் காட்டற ஹைக்ரோமீட்டர் ஒண்ணு வாங்கி மெஷின் பக்கத்துல மாட்டுங்க. அப்புறம் யூபிஎஸ். கிளீனிங் நடுவுல கரண்ட் போனா ஹெட் மூடிக்குப் போகாம நடுவழியிலயே நிக்கும். யானை வாங்கின கைக்கு அங்குசம் வாங்க யோசிக்கக் கூடாது.

கிண்டி_லைட்:
24 மெகாபிக்சல் 33 இன்ச்சுக்குத் தாங்குமா? 17 இன்ச் மெஷின் வாங்கிட்டு பெருசை மட்டும் வெளியில போட்டா?

மேட்_பிளாக்:
24 மெகாபிக்சல்னா நீளவாக்குல 6000 பிக்சல், அதை 33-ஆல வகுத்தா 182 பிபிஐ, அதாவது இன்ச்சுக்கு 182 பிக்சல். சுவர்ல மாட்டி அஞ்சடி தள்ளி நின்னு பாக்கறதுக்குத் தாராளம். கோபுரத்துச் சுதைச் சிற்பத்தைக் கிட்ட வந்து பாப்பாங்கன்னா நாலஞ்சு ஷாட் எடுத்து ஒட்டுங்க.

17-ல எப்சன் பி900 பாருங்க. 50 எம்எல் கார்ட்ரிட்ஜ், இங்க் பழசாகறதுக்குள்ள தீரும். ரோல் யூனிட் தனியா வாங்கணும். கேனான் ப்ரோ-1000-ல ரோலே கிடையாது, எடை வேற 32 கிலோ.

ரோல்_பேப்பர்:
ப்ரோ-1000 டேங்க் 80 எம்எல். லிட்டர் கணக்குல ரெண்டுக்கும் விலை போட்டுப் பார்த்துட்டு வாங்குங்க. எதை வாங்கினாலும் வாரம் ஒரு தடவை எல்லாக் கலரும் வர்ற மாதிரி ஏ4 ஒண்ணு ஓட்டணும், பிளக்கைப் பிடுங்கக் கூடாது. மாசம் 40 தாண்டினா 24 இன்ச் கேனானுக்கே வருவீங்க, எழுதி வெச்சுக்குங்க.

சதுர_அடி:
40 தாண்டட்டும், அப்ப பேசலாம்.

கிண்டி_லைட்:
சரி, லேபுக்கு முதல்ல என்ன குடுத்துச் சோதிக்கணும்?

சதுர_அடி:
முழுப் படம் குடுக்காதீங்க. படத்தை 22×33-க்கு ஏத்தி, அதுல இருட்டு, தோல் நிறம், வானம் மூணும் வர்ற இடமா 8×22 பட்டை ஒண்ணு வெட்டுங்க. கீழ கறுப்புலிருந்து வெள்ளை வரைக்கும் 21 கட்டம் கிரே போடுங்க. ஃபைல் 16 பிட் டிஃப் (TIFF), கலர் ஸ்பேஸ் அடோபி ஆர்ஜிபி. மானிட்டர் வெளிச்சத்தை 100 நிட் (திரை வெளிச்சத்தோட அளவு) கிட்ட இறக்கிட்டு, அவங்க புரொஃபைல்ல சாஃப்ட் ப்ரூஃப் (பிரிண்ட் எப்படி வரும்னு திரையிலயே பாக்கறது) பார்த்து அனுப்புங்க. வந்ததும் கிரே கட்டத்தை டியூப்லைட்டுல ஒரு தடவை, ஜன்னல் வெளிச்சத்துல ஒரு தடவை பாருங்க. ஒண்ணுல பச்சை, இன்னொண்ணுல சிவப்பு அடிச்சா அந்தக் கடை வேணாம்.