டிஎன்எஸ் மாற்றியும் செய்தித் தளம் திறக்கவில்லை: தடை ஆணை நகலை எப்படி வாங்குவது?

மதுரையில் ஒரு ஃபைபர் இணைப்பில் மட்டும் எங்கள் செய்தித் தளம் மார்ச்சிலிருந்து திறப்பதில்லை. மொபைல் டேட்டாவில் உடனே வருகிறது.

டிஎன்எஸ்ஸை (தளப் பெயருக்கு ஐபி முகவரி சொல்லும் சேவை) 1.1.1.1-க்கு மாற்றியாச்சு, ஃபயர்பாக்ஸில் டிஎன்எஸ் ஓவர் எச்டிடிபிஎஸ்ஸும் (அந்தக் கேள்வியை மறையாக்கி அனுப்பும் வசதி) போட்டாச்சு. ஐபி சரியாகவே வருகிறது. ஆனால் டிஎல்எஸ் ஹேண்ட்ஷேக்கில் (மறையாக்க இணைப்பைத் தொடங்கும் கட்டம்) கிளையன்ட் ஹலோ என்ற முதல் செய்தி போனதுமே 'கனெக்‌ஷன் ரீசெட்'. கர்ல் என்ற கட்டளைக் கருவியில் அதே ஐபிக்கு வேறு டொமைன் பெயர் கொடுத்தால் ரீசெட் இல்லை. ஆக, எஸ்என்ஐ (கிளையன்ட் ஹலோவில் மறைக்கப்படாமல் போகும் தளப் பெயர்) பார்த்துத்தான் வெட்டுகிறார்கள். பல கணினிகள் வழியே சுற்றி இணைக்கும் டோர் பிரவுசரில் திறக்கிறது. அதற்காக வாசகர் எல்லோரையும் டோருக்குப் போகச் சொல்ல முடியாது.

இணைப்பு நிறுவனம் 'அரசு உத்தரவு' என்கிறது, எண் தர மறுக்கிறது. ஆர்டிஐ மனுவும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழான 2009 இணையத் தடை விதிகளின் 16-ஆம் விதியைக் காட்டி, ரகசியம் என்று திரும்பிவிட்டது. தடைக்கான காரணம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை ரிட்டில் எதிர்க்கலாம் என்பது உச்ச நீதிமன்றத்தின் ஷ்ரேயா சிங்கால் தீர்ப்பு (2015). எங்களுக்கோ நோட்டீஸே வரவில்லை.

ஆணை எண்ணே தெரியாமல், நகல் கேட்டு உயர் நீதிமன்றத்தில் ரிட் போட்டவர்கள் மனுவில் எதைக் கோரினீர்கள்?