மறு: போட்டோகுரோமிக் லென்ஸுக்குத் தமிழ்ச் சொல்

மடல் 1

குழுவினருக்கு வணக்கம்.

சாலையில் சைக்கிள் ஓட்டுபவர்கள் வெயில் கண்ணாடியைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். பாதிச் சொற்கள் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளவை. புற ஊதா இருக்கிறது. கண்கூசும் மினுமினுப்பை வடிகட்டும் போலரைஸ்டு லென்ஸைப் பாடநூல் வழியே 'தளவிளைவு லென்ஸ்' என்று எழுதிவிட்டேன். பெட்டியின் மேல் வி.எல்.டி. என்று ஓர் எண் அச்சிடுகிறார்களே, அதற்கு 'ஒளிபுகு விழுக்காடு'. லென்ஸின் மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு எவ்வளவு கண்ணுக்கு வந்து சேர்கிறது என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

வெயிலில் கருத்து நிழலில் வெளிறும் போட்டோகுரோமிக் லென்ஸில்தான் சிக்கிக்கொண்டேன். 'ஒளிநிறமாறி லென்ஸ்' என்று எழுதினேன். வரைவைப் படித்த ஒருவர், "வெயிலில் இது சிவப்பாகுமா, நீலமாகுமா?" என்று கேட்டுவிட்டார். கேள்வியில் நியாயம் இருக்கிறது. வேறு சொல் தாருங்கள்.

மடல் 2

'நிறமாறி' வேண்டாம். பச்சோந்தியின் நினைவு வருகிறது என்பது ஒருபுறம் இருக்கட்டும். நடப்பதையே அது தவறாகச் சொல்கிறது. சாம்பல் லென்ஸ் கூடுதல் சாம்பலாகிறது, பழுப்பு லென்ஸ் கூடுதல் பழுப்பாகிறது. மாறுவது பெரும்பாலும் அடர்த்திதான்.

வேதியியல் ஆசிரியன் என்பதால் கொஞ்சம் விரிக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1960-களில் கார்னிங் நிறுவனம் உருவாக்கிய லென்ஸ்கள் கண்ணாடியால் ஆனவை. உள்ளே வெள்ளி ஹாலைடின் நுண்படிகங்கள் இருந்தன. இன்று சைக்கிள் ஓட்டுபவர்கள் அணிவது பிளாஸ்டிக். அதில் நாப்தோபைரன் போன்ற கரிம மூலக்கூறுகளைச் சேர்க்கிறார்கள். புற ஊதாக் கதிர் பட்டதும் மூலக்கூறின் ஒரு வளையம் திறந்துகொள்கிறது. திறந்த வடிவம் கண்ணுக்குத் தெரியும் ஒளியை உறிஞ்சுவதால் லென்ஸ் கருக்கிறது. வெப்பம் அந்த வளையத்தை மீண்டும் மூடப் பார்க்கிறது. இரண்டுக்கும் இடையே ஓயாத இழுபறி. அதனால்தான் கடுங்குளிரில் நன்றாகக் கருக்கும் அதே லென்ஸ், கொளுத்தும் நடுப்பகலில் அந்த அளவுக்குக் கருப்பதில்லை. கருமை மிகவும் வேண்டிய நேரத்தில் கொஞ்சம் கைவிடும் பொருள் இது என்பதைக் கையேட்டில் மறைக்காதீர்கள்.

மடல் 3

ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. நான் நீண்ட தூரம் ஓட்டுபவன். எனக்குத் தோன்றியவற்றைச் சொல்கிறேன்.

இந்தப் பேச்சுக்கு முன்பே யாரோ ஒருவர் 'தானியங்கிக் கண்ணாடி' என்று எழுதியதைப் பார்த்தேன். அந்தச் சொல் ஆபத்தானது. கருக்க ஒரு நிமிடத்துக்கும் குறைவாகவே ஆகும். வெளிற பல நிமிடங்கள் ஆகும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு எட்டு மீட்டருக்கு மேல். முன்னூறு மீட்டர்ச் சுரங்கப்பாதையை முப்பத்தாறு நொடியில் கடந்துவிடுவோம். உள்ளே நுழையும்போது இருந்த கருமை கிட்டத்தட்ட அப்படியேதான் வெளியே வரும். நடுவில் ஒரு குழி இருந்தால் அதைக் கண் பார்க்காது, முன்சக்கரம் பார்க்கும். 'தானியங்கி' என்ற பெயரை நம்பி வாங்குபவர் இதை எதிர்பார்க்கமாட்டார்.

மரநிழலும் வெயிலும் சில நொடிகளுக்கு ஒரு முறை மாறிமாறி வரும் சாலையில் இந்த லென்ஸால் பயனில்லை; அது சராசரியாக ஓர் அடர்த்தியில் நின்றுவிடும். விடியுமுன் புறப்பட்டு உச்சிவெயிலில் முடியும் பயணத்துக்கோ இதைவிட நல்லது கிடையாது. மெதுவாக மாறும் வெளிச்சத்துக்கு மெதுவாக மாறும் லென்ஸ். சொல்லில் 'வெயில்' வரவேண்டும், 'தானே' வரக்கூடாது என்பது என் கட்சி. 'வெயில்கறுப்பி' எப்படி?

தளவிளைவு பற்றியும் ஒரு வரி. ஈரச் சாலையில் தெரியும் மினுமினுப்பு நமக்கு எச்சரிக்கை. தளவிளைவு லென்ஸ் அதை வடிகட்டிவிடும். சில கோணங்களில் கைப்பிடியில் உள்ள சைக்கிள் கணினியின் திரையும் இருண்டுபோகும். கார் ஓட்டுபவருக்கு வரம், நமக்கு அரைவரம்.

மடல் 4

தம்பிக்கு,

'கறுப்பி' கூடாது. -இ விகுதி இலக்கணப்படி சரிதான். மின்விசிறி, ஒலிபெருக்கி போல வந்துவிடும். ஆனால் கறுப்பி என்பது நிறத்தை வைத்துப் பெண்பிள்ளைகளைக் கேலி செய்யும் சொல்லாகவே வீடுகளில் புழங்குகிறது. ஒரு கண்ணாடிக்காக அதற்கு இன்னொரு வாழ்வு கொடுக்கவேண்டியதில்லை.

வினைத்தொகையாக அமைத்துப் பாருங்கள்: வெயிலடர் லென்ஸ். வெயிலில் அடர்ந்த, அடர்கின்ற, அடரும் லென்ஸ். முக்காலமும் அடங்கிவிடும். 'அடர் பச்சை', 'அடர் நீலம்' என்று எழுதும் பழக்கம் இருப்பதால் 'அடர்' என்றதும் நிறத்தின் செறிவு யாருக்கும் புரியும். பன்மை சேர்த்தாலும் உருபு சேர்த்தாலும் நாக்கில் தட்டாது.

லென்ஸை 'வில்லை' ஆக்கலாமே என்று யாராவது தொடங்குவதற்குள் சொல்லிவிடுகிறேன்: வெயிலடர் வில்லை என்றால் வெயிலுக்குப் போடும் மாத்திரை என்று நினைப்பார்கள்.

மடல் 5

வெயிலடர் எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் கண் மருத்துவர் என்ற முறையில் இரண்டு ஐயங்கள்.

முதலாவது, மேகமூட்டமான நாளிலும் இது கருக்கும். புற ஊதாவில் கணிசமான பங்கு மேகத்தைத் தாண்டி வந்துவிடுகிறது. இரண்டாவதுதான் எனக்கு முக்கியம். வெயிலில்தான் அடர்கிறது என்றால், அடராத நேரத்தில் பாதுகாப்பு இல்லை என்று படிப்பவர் நினைக்கலாம். அப்படி இல்லை. ஒழுங்காகச் செய்த லென்ஸ், வெளிறிய நிலையிலும் புற ஊதாவைத் தடுக்கும். பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக் நிறமே இல்லாமல் இருந்தாலும் அதில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும்.

கருமை வேறு, காப்பு வேறு. புற ஊதாத் தடுப்பு இல்லாத கருப்புக் கண்ணாடி, வெறுங்கண்ணைவிட மோசமாகக்கூட அமையலாம்: இருட்டுக்குக் கண்மணி விரியும், விரிந்த வழியில் கதிர் கூடுதலாக நுழையும். பெட்டியில் 400 நானோமீட்டர் அலைநீளம் வரை புற ஊதாவைத் தடுக்கும் என்ற குறிப்பு இருக்கிறதா என்பதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். கருமையெல்லாம் அதற்குப் பிறகு.

மடல் 6

அம்மா சொன்ன இரண்டையும் பெயருக்குள் திணிக்க முயன்றேன். 'புறஊதாவடர்' வந்தது. அதை யாரும் இரண்டாம் முறை உச்சரிக்கமாட்டார்கள். அவை விளக்கத்தில் வரட்டும்.

இன்னொரு தீர்வும் இருக்கிறது. போட்டோகுரோமிசம் என்னும் நிகழ்வுக்கு 'ஒளிநிறமாற்றம்' இருந்துவிட்டுப் போகட்டும். ஆய்வுக்கூடத்தில் உண்மையிலேயே நிறம் மாறும் பொருள்களும் உண்டு. 'வெயிலடர்' கடைக்கும் கையேட்டுக்கும் உரிய பொருட்பெயர். நிகழ்வுக்கும் பொருளுக்கும் ஒரே வேர்தான் வரவேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை.

மடல் 7

அனைவருக்கும் நன்றி. 'வெயிலடர்' நிற்கிறது. பதிவின் வரைவு இது:

"வெயிலடர் லென்ஸ்: புற ஊதாக் கதிர் பட்டால் கருத்து, கதிர் குறைந்தால் மெல்ல வெளிறும் லென்ஸ். மேகமூட்டத்திலும் கருக்கும். குளிரில் கூடுதலாகவும் வெப்பத்தில் குறைவாகவும் கருக்கும். வெளிறிய நிலையிலும் புற ஊதாவைத் தடுக்கவேண்டும். சுரங்கப்பாதையின் வேகத்துக்கு மாறாது."

இதன் பக்கத்திலேயே வடிகட்டல் வகை எண்களையும் வைக்கிறேன். வெயில் கண்ணாடிக்கான பன்னாட்டுத் தரமான ஐ.எஸ்.ஓ. 12312-1-இல் 0 முதல் 4 வரை வகைகள். எண் கூடக் கூடக் கருமை கூடும், ஒளிபுகு விழுக்காடு குறையும். வகை 3 என்றால் 8 முதல் 18 விழுக்காடு. நல்ல வெயிலுக்கு அது போதும். வகை 4 வாகனம் ஓட்ட ஆகாது. சைக்கிளுக்கும் வேண்டாம் என்றே எழுதப்போகிறேன். வெயிலடர் லென்ஸுக்கு '1–3' என்பதுபோல் இரண்டு எண்கள் இருக்கும். வாங்குபவர் முதல் எண்ணைத்தான் உற்றுப் பார்க்கவேண்டும். சுரங்கத்திலும் அந்தியிலும் அந்த அளவுக்காவது வெளிறுமா என்பதே கேள்வி.

லென்ஸில் ஆவி படிவதற்குப் புதுச்சொல் தேவையில்லை, 'ஆவி படிதல்' போதும். மேட்டின் உச்சியில் நின்றதும் படியும். காற்றுத் துளை இருந்தால், ஓடத் தொடங்கியதும் விலகும்.

அடுத்து மேல்சட்டம். வளைந்த கைப்பிடியைப் பிடித்துக் குனிந்து ஓட்டும்போது லென்ஸின் மேல்பகுதி வழியாகத்தான் சாலையைப் பார்க்கிறோம். தடித்த மேல்சட்டம் சரியாக அந்த இடத்தில் குறுக்கே ஒரு கோடாக வந்து நிற்கிறது. மேல்விளிம்பு இல்லாத சட்டத்தை 'மேல்திறந்த சட்டம்' என்பதா, 'கீழ்ச்சட்டம்' என்பதா? கீழ்ச்சட்டம் என்றால் கீழே மட்டும் சட்டம் உண்டு என்று பொருள்படும். முழுக்கச் சட்டமே இல்லாதவற்றை அப்போது என்ன செய்வது? எழுதுங்கள்.