ஹால் ரெண்டர் பிளாஸ்டிக் மாதிரி வருகிறது, அவசர உதவி!

கோட்டுச்சட்டம்: ஒரு வீட்டின் 3டி மாடலிலிருந்து நிஜப் படம் போல ரெண்டர் எடுத்து நாளை காலை வாடிக்கையாளருக்குக் காட்ட வேண்டும். ஹாலில் எல்லாமே பிளாஸ்டிக் பொம்மை மாதிரி தெரிகிறது, பிரிண்ட் எடுத்தால் மங்கல். குவாலிட்டியை ‘ஹை’யில்தான் வைத்திருக்கிறேன். எந்த செட்டிங்கை மாற்றணும்?

செங்கல்சூளை: எந்த மென்பொருள்? எந்த ரெண்டர் எஞ்சின்? பகல் காட்சியா, இரவா? படத்தையாவது போடுங்கள் நண்பரே.

நிழல்குடை: எத்தனை பிக்சலில் ரெண்டர் எடுக்கிறீர்கள்? பிரிண்ட் எந்த அளவுத் தாளில்?

மூத்ததச்சன்: வாரத்துக்கு ஒருவர் இதே கேள்வியோடு வந்துவிடுகிறார். அந்தக் குவாலிட்டி ஸ்லைடர் படத்தில் பொடிப் புள்ளிகளாகத் தெரியும் இரைச்சலைத்தான் குறைக்கும். வெளிச்சமும் மெட்டீரியலும் சரியில்லாத காட்சியை ராத்திரி முழுக்க ஓடவிட்டால், இரைச்சல் இல்லாத மோசமான படம் கிடைக்கும், அவ்வளவுதான். பழைய இழைகளைத் தேடிப் படித்துவிட்டு வரவும்.

கண்ணாடிவிரல்: சுவருக்கு 255, 255, 255 என்று சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் உச்சத்தில் வைத்த முழு வெள்ளை கொடுத்திருக்கிறீர்களா? அப்படியென்றால் அதுதான் வில்லன். நல்ல வெள்ளைப் பெயிண்ட்கூட விழும் ஒளியில் சுமார் 80 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்பும். முழு வெள்ளையில் ஒளி குறையாமல் சுவருக்குச் சுவர் குதித்துக்கொண்டே இருக்கும், மூலையில் விழ வேண்டிய நிழல் காணாமல் போகும். நான் 230ஐத் தாண்டுவதே இல்லை.

கோட்டுச்சட்டம்: ஸ்கெட்ச்அப், வி-ரே. பகல். சுவர் வெள்ளைதான். பிரிண்ட் ஏ1 போர்டு. இருட்டாக இருந்ததால் கூரை முழுக்க விளக்கு வைத்திருக்கிறேன். படம் போட முடியாது, வாடிக்கையாளருடையது.

செங்கல்சூளை: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! கூரை விளக்குகளை எல்லாம் அணையுங்கள். கேமராவின் ஈவி (வெளிச்ச அளவு எண், குறைத்தால் படம் வெளிச்சமாகும்) 14 பக்கத்தில் இருக்கிறதா பாருங்கள். அது வெயிலில் நிற்கும் வெளிப்புறக் காட்சிக்கானது. அதை அப்படியே விட்டால் அறைக்குள் இருட்டாகத்தான் இருக்கும். ஈவியை 9, 8 என்று இறக்கிக்கொண்டே வாருங்கள், ஜன்னல் வெளிச்சமே போதும் என்று தெரியும். மேலிருந்து எல்லாப் பக்கமும் சமமாக ஒளி கொட்டினால் எந்தப் பொருளுக்கும் நிழல் பக்கம் இருக்காது. பிளாஸ்டிக் போலத் தெரிவதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

உளிமுனை: மீதிப் பாதி விளிம்பு. கத்தி மாதிரி கூர்மையான விளிம்பு எந்த மேஜைக்கும் கிடையாது. 2 மில்லிமீட்டர் உருட்டிவிட்டாலே ஓரத்தில் மெல்லிய ஒளிக்கோடு விழும், மரம் மரமாகத் தெரியும்.

நிழல்குடை: இரைச்சலைத் தேய்த்து மறைக்கும் டீநாய்சரைப் பற்றிக் கேட்க மறந்துவிட்டீர்கள் எல்லோரும். குறைந்த சாம்பிளில், அதாவது ஒரு பிக்சலுக்கு ஒளியைச் சில தடவை மட்டும் கணக்கிட்டு, ரெண்டர் எடுத்து டீநாய்சரை ஏற்றினால் மர ரேகை, துணி நெசவு எல்லாம் மெழுகாக வழிந்துவிடும். இரைச்சலைப் பாதியாக்க நான்கு மடங்கு சாம்பிள் வேண்டும், அதற்குப் பொறுமை இல்லாமல்தான் எல்லோரும் குறுக்கு வழியில் போகிறார்கள். அப்புறம், பிக்சல் அளவு என்ன? இரண்டாவது முறை கேட்கிறேன்.

சுழல்படி: பேசாமல் ப்ளெண்டருக்கு வாங்க. இலவசம். 4.0இலிருந்து ஏஜிஎக்ஸ் என்ற நிற மாற்று முறை தானாகவே வருவதால் ஜன்னல் பக்கம் வெளுத்துப் போகிற தொல்லையும் குறைவு.

மூத்ததச்சன்: நாளை காலை காட்ட வேண்டும் என்கிறவரிடம் இன்று ராத்திரி மென்பொருளை மாற்றச் சொல்கிறீர்கள். அருமை.

பிக்சல்பறவை: எதற்கு இவ்வளவு பாடு? இருக்கிற படத்தை, பெரிதாக்கித் தெளிவாக்கும் ஏஐ அப்ஸ்கேலரில் போடுங்கள், பத்து நிமிட வேலை.

உளிமுனை: போட்டுப் பார்த்தவன் சொல்கிறேன். ஜன்னலில் இல்லாத குறுக்குச் சட்டம் ஒன்றைச் சேர்த்துவிட்டது, தரை டைலின் இணைப்புக் கோடுகளை நகர்த்திவிட்டது. அதைப் பார்த்து வாடிக்கையாளர் சரி என்று சொல்லிவிட்டால் அந்தச் சட்டத்தை யார் செய்து கொடுப்பது?

பிக்சல்பறவை: ரெண்டர் என்பது வீடு எப்படி இருக்கும் என்று ஒரு உணர்வைக் கொடுக்கத்தான். கட்டுவது வரைபடத்தைப் பார்த்து.

உளிமுனை: வரைபடத்தை எந்த வாடிக்கையாளர் படிக்கிறார்? அவர் நினைவில் நிற்பது படம்தான். “படத்தில் இருந்ததே” என்று சைட்டில் வந்து நிற்பார்.

மூத்ததச்சன்: ஃபோட்டோஷாப்பில் ஒட்டும் மரமும் வானமும் மட்டும் உண்மையா? அந்தக் காலத்திலிருந்தே எல்லோரும் செய்வதுதான்.

உளிமுனை: மரத்தை ஒட்டுவதும் ஜன்னலை மாற்றுவதும் ஒன்றா சார்?

செங்கல்சூளை: இதற்குத் தனி இழை போடுங்கள். கேட்டவர் இருக்கிறாரா?

கோட்டுச்சட்டம்: 800 × 450இல் இருந்தது. அகலத்தை 4000 ஆக்கினேன், விளக்குகளை அணைத்து ஈவி 8. நல்ல மாற்றம் தெரிகிறது. நன்றி.

நிழல்குடை: 800ஆ! ஏ1 அகலம் 841 மில்லிமீட்டர். பிக்சல் ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பெரிதாக விழுந்திருக்கும், மங்காமல் என்ன செய்யும்? 4000 என்றால் அங்குலத்துக்கு 120 பிக்சல் வரும், தள்ளி நின்று பார்க்கும் போர்டுக்குப் போதும். முழுதாக ஓடவிடுவதற்கு முன் இருட்டான மூலையை மட்டும் ரீஜன் ரெண்டரில் பார்த்துவிடுங்கள், இரைச்சல் முதலில் அங்கேதான் தெரியும். டீநாய்சரைக் குறைத்தீர்களா?

கண்ணாடிவிரல்: சுவர் வெள்ளையையும் மாற்றினீர்களா?