புதுப்பிப்பு: அப்பாவின் புல்வெட்டியைத் தூக்கிப் போடவில்லை

போன மாதம் கேட்டிருந்தேன்: அப்பா வாங்கிய பெட்ரோல் புல்வெட்டி, 14 வயது, கிளம்பி இரண்டு நிமிடத்தில் அணைந்துவிடுகிறது, சரிசெய்யவா, புதிதாக வாங்கவா? பாதிப் பேர் பேட்டரி வகைக்கு மாறச் சொன்னீர்கள்.

சரி, பழையதையே வைத்துக்கொண்டேன்.

முடிவு செய்ய உதவியது ஒரே சோதனை. உங்களில் ஒருவர் சொன்னபடி சைலன்சரைக் கழற்றி, அந்தத் துளை வழியே டார்ச் அடித்துப் பார்த்தேன். பிஸ்டனில் நெடுங்கீறல்கள் இருந்தால் செலவு செய்வது வீண். வழவழவென்று இருந்தது. அப்படியென்றால் கோளாறு பெரும்பாலும் பெட்ரோல் வரும் வழியில்தான். குழாய் தொட்டதும் நொறுங்கியது. பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய ரப்பர் சவ்வு அட்டைபோல் விறைத்துக் கிடந்தது. அது துடித்தால்தான் பெட்ரோல் உள்ளே ஏறும். சிங்கப்பூர் ஜாலான் புசாரில் ஒரு கடைக்கார அண்ணன் சவ்வு, குழாய், வடிகட்டி மூன்றையும் 26 வெள்ளிக்கு (டாலர்) தேடிக் கொடுத்தார்.

என் தவறும் உண்டு. எண்ணெய் கலந்த பெட்ரோலை டாங்கிலேயே மாதக்கணக்கில் விட்டுவைத்தேன். இனி அந்த வார வேலைக்கு மட்டும் கலக்கிறேன் (என் எஞ்சினுக்கு 1 லிட்டருக்கு 20 மில்லி டூ-ஸ்ட்ரோக் எண்ணெய்). மிச்சத்தை வடித்துவிட்டு, தானாக அணையும்வரை ஓடவிடுகிறேன்.

பெட்ரோல் மிஷின் சத்தம் அதிகம் என்று நீங்கள் சொன்னது நியாயம். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருப்பதால் காலை பத்துக்கு மேல்தான் எடுக்கிறேன்.

நேற்று பின்பக்க வடிகால் ஓரம் முழுக்க வெட்டினேன். ஒரே இழுப்பில் கிளம்பியது. அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, “அப்பா மிஷின் சத்தம்” என்றார்.