தெரிஞ்சே தூக்கி வாரிப் போட்ட சீன்: ஃப்ரைடே த 13த் திகில் படம் முதல் பாகம் பார்த்த கதைய சொல்லுங்க

மேல்பெர்த்:
ஹாஸ்டல்ல ஏழு பேர், ஒரே லேப்டாப், 1980ல வந்த முதல் பாகம். யார் யார் எந்த வரிசைல சாவாங்கன்னு பேப்பர்ல எழுதி பரோட்டாவுக்கு பெட் கட்டினோம். கதைதான் தெரியுமே, ஏரிக்கரைல மூடிக் கிடந்த பசங்க சம்மர் கேம்ப்ப திரும்ப திறக்குறாங்க, ஊர்ப் பெருசு ஒண்ணு போகாதீங்கன்னு கத்துது, தனியா போனவன் காலி, ஜோடியா ஒதுங்கினா ரெண்டும் காலி. நான் ஜாக் பேர கரெக்டா எழுதிருந்தேன் (கெவின் பேக்கன்தான், அப்ப அவர் யாருன்னே தெரியாது). ஜாக் கூட இருந்த பொண்ணு எந்திரிச்சு பாத்ரூம் போயிருச்சு, இவன் மல்லாக்க படுத்து தம் அடிக்கிறான், மேல் கட்டில்லேர்ந்து ஒரு சொட்டு ரத்தம். மேல பொணம் கிடக்குறத ஏற்கனவே காட்டிட்டாங்க, அதனால நம்ம கண்ணு மேலயே நிக்குது. கை கீழேர்ந்து வருதுங்க!! நெத்தியப் பிடிச்சு அமுக்கி, தொண்டையப் பொத்துக்கிட்டு அம்பு முனை மெதுவா வெளிய வருது. காலால லேப்டாப்ப எத்தி விட்டேன். பெட் ஜெயிச்சதும் நான்தான், கத்தினதும் நான்தான். இன்னிக்கும் ட்ரெயின்ல லோயர் பெர்த் கிடைச்சா யாருக்காவது மாத்திக் குடுத்துருவேன்.

கேசட்காலம்:
எனக்கு நேர் எதிர். 94ல சித்தப்பா கேசட் எடுத்துட்டு வந்தார், ஹாக்கி மாஸ்க் போட்ட கொலைகாரன் வருவான்னு கூட படிக்கிறவன் சொல்லிருந்தான், படம் பூரா மாஸ்க்குக்காக உக்காந்திருக்கேன். கடைசில வந்தது ஸ்வெட்டர் போட்ட ஒரு ஆன்ட்டி! மாஸ்க் 1982ல மூணாம் பாகத்துலதான்னு ரொம்ப நாள் கழிச்சுதான் தெரியும். ஆனா அந்தம்மா செத்துப்போன பையன் குரல்ல தனக்குத்தானே "கொல்லும்மா"ன்னு பேசிக்கும் பாருங்க, அந்த வாய மட்டும் க்ளோசப்ல காட்டுவாங்க, அது இன்னும் போகல. பின்னாடி ஸ்க்ரீம் படம் பார்க்கறப்ப போன்ல ஃப்ரைடே த 13த்ல கொலைகாரன் யாருன்னு கேள்வி வரும்ல, வீட்லயே நான் ஒருத்தன்தான் சரியா சொன்னேன், ஒருத்தரும் கண்டுக்கல.

நியாயஸ்தன்:
சாரி, இத ட்விஸ்ட்னு கொண்டாடுறதுதான் எனக்கு எரிச்சல். படம் முடியப் போற நேரத்துல முத தடவையா முகம் காட்டுற ஆள கொலைகாரின்னா அதுல கண்டுபிடிக்க என்ன இருக்கு? அதுவரைக்கும் கையக் காட்டுறப்பல்லாம் ஆம்பளக் கை. நடுவுல முக்கால் மணி நேரம் மழை, ஜெனரேட்டர், காபி போடுறது. நான் தியேட்டரா இருந்தா எந்திரிச்சுப் போயிருப்பேன். அம்பு சீன் டாம் சவினியோட மேக்கப் வேலை, டைரக்டருக்கு அதுல என்ன பெருமை?

ராத்திரிராணி:
@நியாயஸ்தன் துப்பே இல்லன்னு சொல்லாதீங்க. கேம்ப்புக்கு வேலைக்குப் போறப்ப ஜீப்புல லிஃப்ட் கேட்டு ஏறின ஆனி எவ்ளோ சகஜமா பேசிட்டு வர்றா? கேம்ப் ஓனர் ஸ்டீவ் மழைல டார்ச் அடிச்ச ஆளப் பாத்துட்டு தெரிஞ்சவங்க மாதிரிதான பேசுறான்? பயப்படத் தோணாத ஆள்னு அப்பவே காட்டிட்டாங்க. அப்புறம் நல்ல பொண்ணு மட்டும் தப்பிக்கும்னு இந்த மாதிரி படத்துக்கு எல்லாரும் ஒரு ரூல் சொல்றாங்க, கடைசில தப்பிக்கிற ஆலிஸும்தான் அந்த துணி கழட்டுற மோனோபோலி விளையாட்டுல உக்காந்திருந்தா.
என் கதை சின்னது. அம்மாகூட பார்த்தேன். ஆலிஸ் அந்தம்மாவ வாணலியால அடிச்சு சாய்ச்சுட்டு அப்படியே விட்டுட்டு போறா. அம்மா வெங்காயம் உரிச்சிட்டே, "விழுந்தவள இன்னும் ரெண்டு போடு போட்டுட்டு போயேண்டி"ன்னாங்க. அதுக்கப்புறம் எந்த ஸ்லாஷர் (ஒவ்வொருத்தரா வெட்டிக் கொல்ற படம்) பார்த்தாலும் அந்தக் குரல்தான் கேக்குது.

ஹோம்தியேட்டர்மாமா:
கடைசி போட் சீன்ல சூடு காபிய மடில கொட்டிக்கிட்டேன், அவ்ளோதான் நம்ம கதை.
ஆனா தம்பிங்களா லேப்டாப் ஸ்பீக்கர்ல இதப் பார்க்கவே பார்க்காதீங்க. நல்ல ஹெட்போன் போடுங்க, லைட்ட அணைங்க. ஹாரி மான்ஃப்ரெடினி இதுல கொலைகாரி பக்கத்துல இருந்தா மட்டும்தான் மியூசிக் போட்டிருக்கார், சும்மா பயமுறுத்துற இடத்துல மியூசிக் வராது. அந்த கி கி கி, மா மா மா சத்தம் அந்தம்மா பேசுற வசனத்துலேர்ந்து எடுத்ததுதான். ஒரு மணி நேரம் இத நம்ம காதுக்குப் பழக்கிட்டு, கடைசில ஏரி நடுவுல விடியக்காலைல இதமா ஒரு ட்யூன் போட்டு, கரைல போலீஸ நிப்பாட்டி, முடிஞ்சுதுடான்னு நாம மூச்சு விடறப்ப அந்தம்மாவோட செத்துப்போன பையன் தண்ணிக்குள்ளேர்ந்து பாய்வான். ஃபார்முலா படம்னு இளக்காரமா பேசுறவங்க இந்த ஒரு இடத்த மட்டும் திரும்பப் போட்டுப் பாருங்க. இன்னொண்ணு, ஹாலோவீன் 1978 முதல்ல பாருங்க, அது ஓடின ஓட்டத்தப் பாத்துதான் சுமார் அஞ்சரை லட்சம் டாலர்ல இத எடுத்தாங்க, அமெரிக்காவுல மட்டும் கிட்டத்தட்ட 4 கோடி டாலர் அள்ளுச்சு. மொத்தம் 12 படம் இருக்குன்னு வரிசையா உக்காந்துறாதீங்க, சலிச்சுடும். குழந்தைங்க பக்கத்துல இருந்தா பாம்பு சீன ஓட்டி விட்டுருங்க, நிஜப் பாம்பத்தான் வெட்டிருக்காங்க. சாப்பிட்ட உடனேயும் வேணாம்.

நியாயஸ்தன்:
மாமா, அதேதான் நானும் சொல்றேன், ஒரு அம்பு, ஒரு ஏரி. மீதி?

மேல்பெர்த்:
மீதி நேரத்துல நாங்க பரோட்டா கணக்கு போட்டோம் ஜி. ஆறு பேரும் இன்னும் தரல.